இதழின் இரட்டைப் பக்கத்தை எப்படி ஆராய்வது?

கேள்வி இதுதான். ஊடகவியல் படிக்கும் மாணவர் ஒருவர் சொந்தமாக ஓர் இசை இதழைத் தயாரிக்க வேண்டும். அதற்கு முன், ஏற்கெனவே வெளிவந்த இதழ்களிலிருந்து மூன்று இரட்டைப் பக்கங்களை (இதழைத் திறந்ததும் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கங்களை) ஆராய்ந்து எழுத வேண்டும். எழுதியும் கொடுத்துவிட்டார். "தலைப்பு பெரிதாகவும் தடித்தும் இருக்கிறது. சிவப்பு நிறம் வாசகரைக் கவர்கிறது. படம் பக்கம் முழுவதும் இருப்பதால் அழகாக இருக்கிறது" என்ற போக்கில் மூன்று தாள்கள். ஆசிரியர் "இது வர்ணனை. ஆய்வு எங்கே?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். இனி என்ன எழுதுவது என்று மாணவர் கேட்கிறார்.

பல ஆண்டுகள் இதழ்களுக்குப் பக்கம் அமைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் ஆசிரியர் கேட்டது சரியான கேள்வி. நீங்கள் எழுதிய வரிகளில் பொய் எதுவும் இல்லை. ஆனால் "சிவப்பு நிறம் வாசகரைக் கவர்கிறது" என்ற வரியை அங்கிருந்து பிய்த்து வேறு எந்த இதழின் எந்தப் பக்கத்துக்குக் கீழே ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். அதுதான் சிக்கல். எழுதும் ஒவ்வொரு வரிக்கும் இந்தச் சோதனையை வையுங்கள்: இது இந்தப் பக்கத்துக்கு மட்டுமே பொருந்துகிறதா? பொருந்தாவிட்டால் அடித்துவிடுங்கள்.

ஒரு பக்கத்தில் தானாக வந்து உட்கார்ந்த பொருள் எதுவும் இல்லை. படத்தை இடப்பக்கம் வைக்கலாமா வலப்பக்கம் வைக்கலாமா, எங்கே வெட்டலாம், எவ்வளவு இடத்தைக் காலியாக விடலாம் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். ஒவ்வொரு முடிவுக்கும் அவர் கைவிட்ட மாற்று ஒன்று உண்டு. அந்த மாற்றை உங்கள் மனத்தில் வைத்துப் பார்த்து, அப்போது பக்கம் எதை இழந்திருக்கும் என்று சொல்லிவிட்டால் அது ஆய்வு. கீழே நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரே வேலையைச் செய்யும் வழிகள்தான்.

முதலில், ஆராயப்போகும் இதழின் அச்சுப் பிரதியைக் கையில் வாங்குங்கள். திரையில் பார்க்கும் பி.டி.எஃப். போதாது. திரையில் இரட்டைப் பக்கம் தட்டையான ஒரே படமாகத் தெரியும். கையில் அதன் நடுவே ஒரு மடிப்பு இருக்கும். அந்த மடிப்புதான் இரட்டைப் பக்கத்தின் முதுகெலும்பு. வடிவமைப்பாளரின் முடிவுகளில் பாதி அதைத் தாண்டுவதா, தவிர்ப்பதா, பயன்படுத்திக்கொள்வதா என்பதைச் சுற்றியே நடக்கும்.

இதழ் எப்படித் தைக்கப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். நடுவில் பின் அடித்த 32 பக்க இதழை எடுத்துக்கொண்டால், 16, 17 ஆகிய நடுப்பக்கங்கள் மட்டுமே ஒரே தாளில் ஒன்றாக அச்சாகின்றன. 8, 9 எதிரெதிரே இருந்தாலும் 8 அச்சாவது 25 இருக்கும் தாளில், 9 அச்சாவது 24 இருக்கும் தாளில். இரண்டு தனித்தனித் தாள்கள் மடிப்பில் வந்து சந்திக்கின்றன. ஆகவே மடிப்பைத் தாண்டும் கோடு ஒரு மில்லிமீட்டர் ஏறியோ இறங்கியோ போக வாய்ப்பு உண்டு, நிறம்கூட ஒரு சாயல் மாறலாம். முதுகில் பசை வைத்து ஒட்டிய தடித்த இதழ்களில் வேறு தொல்லை. பக்கம் முழுதாக விரியாது. மடிப்பின் இருபுறமும் சில மில்லிமீட்டர் உள்ளே போய்விடும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நடிகரின் முகத்தை நான் இரண்டு பக்கமும் நிறையும்படி வைத்தேன். திரையில் கம்பீரமாக இருந்தது. பசை ஒட்டிய இதழாக அச்சாகி வந்தபோது அவருடைய வலது கண்ணின் ஓரம் மடிப்புக்குள் போயிருந்தது. இரண்டு கண்களும் ஒன்றையொன்று நெருங்கி, முகமே வேறு ஆளுடையதாகிவிட்டது. படத்தை மூன்று சென்டிமீட்டர் நகர்த்தியிருந்தால் மடிப்பு கன்னத்தில் விழுந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அன்றிலிருந்து எந்த இதழைத் திறந்தாலும் என் கண் முதலில் மடிப்புக்குத்தான் போகிறது. நீங்களும் அங்கேயே தொடங்கலாம். மடிப்பில் என்ன விழுந்திருக்கிறது? எழுத்து விழுந்திருக்கிறதா? தலைப்பு மடிப்பைத் தாண்டினால் சொற்களுக்கு இடையே உள்ள இடைவெளியில் தாண்டுகிறதா, ஒரு சொல்லை இரண்டாகப் பிளந்துகொண்டு தாண்டுகிறதா? பிளந்திருந்தால் அது தவறா, வேண்டுமென்றே செய்ததா?

அடுத்தது, மூன்று வினாடிப் பார்வை. பக்கத்தைத் திறந்து மூன்று வினாடி பார்த்துவிட்டு மூடுங்கள். நினைவில் நிற்பதை, நினைவில் வரும் வரிசையிலேயே எழுதுங்கள். வீட்டில் வேறு இரண்டு பேரிடமும் இதைச் செய்யச் சொல்லுங்கள். மூவரும் முதலில் ஒரே பொருளைச் சொன்னால் அந்தப் பக்கத்துக்குத் தெளிவான நுழைவாயில் இருக்கிறது. ஆளுக்கு ஒன்றாகச் சொன்னால் பக்கத்தில் போட்டி நடக்கிறது, அதையும் எழுதலாம்.

பாடப் புத்தகங்களில் கண் இடமிருந்து வலமாகப் போய், குறுக்கே இறங்கி, மறுபடி வலமாகப் போகும் என்று ஒரு படம் வரைந்திருப்பார்கள். அதை அப்படியே உங்கள் பக்கத்தின்மேல் ஒட்டாதீர்கள். ஒரே மாதிரியான எழுத்து நிறைந்த பக்கத்துக்கு அது ஓரளவு பொருந்தும். பெரிய படம் ஒன்று இருந்தால் கதை மாறிவிடும். அமெரிக்காவின் பாய்ன்டர் என்ற இதழியல் நிறுவனம் 1991இல் வெளியிட்ட, நாளிதழ் வாசகர்களின் கண் அசைவைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு, வாசகர்கள் பெரும்பாலும் ஓங்கி நிற்கும் படத்தின் வழியாகவே பக்கத்துக்குள் நுழைகிறார்கள் என்று காட்டியது. ஆகவே உங்கள் பக்கத்தில் எது பெரிது, எது அடர்த்தி, எது தனித்து நிற்கிறது என்று பார்த்து, கண் போகும் தடத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். டிரேசிங் தாளைப் பக்கத்தின்மேல் வைத்து, படம், தலைப்பு, எழுத்துத் தொகுதி ஒவ்வொன்றையும் வெறும் கட்டங்களாக வரைந்து, கண் போகும் வரிசையில் எண் போடுங்கள். அழகு மறைந்து எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். அந்தத் தாளை உங்கள் அறிக்கையில் அப்படியே சேர்க்கலாம். இரண்டு பாரா எழுதிச் சொல்வதை அது ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

பிறகு அளவுகோலை எடுங்கள். மாணவர்கள் இதைச் செய்வதே இல்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. "பெரிய தலைப்பு" என்பது கருத்து. "தலைப்பின் உயரம் கட்டுரைக்குள் ஓடும் எழுத்தைப்போல் எட்டு மடங்கு" என்பது கண்டறிந்த செய்தி. அந்தச் செய்தியின்மேல்தான் கருத்தைக் கட்ட முடியும்.

உங்கள் கையில் இருக்கும் இதழ் எது என்று எனக்குத் தெரியாது. அதனால் பேசுவதற்கு வசதியாக ஓர் இரட்டைப் பக்கத்தை நானே வகுத்துத் தருகிறேன். ஒரு ஏ3 தாளை எடுத்து நடுவில் மடித்து, வரைந்துகொண்டே படியுங்கள். மடித்த ஒவ்வொரு பக்கமும் ஏ4. 210 மில்லிமீட்டர் அகலம், 297 உயரம்.

பத்து ஆண்டுகள் மேடை ஏறாமலிருந்து திரும்பி வந்த ஒரு பாடகியின் பேட்டி. இடப்பக்கம் முழுவதும் படம், ஓரம் வரை மார்ஜின் இல்லாமல். காலியான ஒத்திகை அறை, ஒரு மர முக்காலி, அதில் அவர். உடல் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது, பார்வை தரையில். கையில் மைக் இருக்கிறது, ஆனால் வாய்க்கருகே இல்லை. முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. மைக்கின் ஒயர் சிவப்பு. அது தரையில் வளைந்து கிடந்து, பக்கத்தின் அடியிலிருந்து 35 மில்லிமீட்டர் உயரத்தில் மடிப்புக்குள் போய் மறைகிறது. வலப்பக்கம் வெள்ளை. மேலிருந்து 110 மில்லிமீட்டர் வரை எதுவும் இல்லை, அந்த வெள்ளையின் அடியில் ஒற்றை வரியில் தலைப்பு மட்டும்: "பத்து ஆண்டு மௌனம்". அதன் கீழே மூன்று பத்திகள், ஒவ்வொன்றும் 55 மில்லிமீட்டர் அகலம், இடையில் 5. வெளி மார்ஜின் 15, மடிப்பு ஓரம் 20. (பத்தி என்று நான் சொல்வது பக்கத்தில் நெட்டாக ஓடும் எழுத்துத் தொகுதியை, கட்டுரையின் பகுதியைப் பாரா என்கிறேன்.) பத்திகளுக்குக் கீழே, ஒயர் மறைந்த அதே உயரத்தில், ஒயரின் அதே தடிமனில், ஒரு சிவப்புக் கோடு மடிப்பிலிருந்து புறப்பட்டு வலது ஓரம் வரை ஓடி, அடுத்த பக்கத்தைக் காட்டும் சிறு அம்புக்குறியில் முடிகிறது. பேட்டி அங்கே தொடர்கிறது.

இப்போது மாற்றுகளை வைத்துப் பார்ப்போம். அந்த 110 மில்லிமீட்டர் வெள்ளை, பக்கத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். வலப்பக்கத்து எழுத்துக்கு அது தேவைப்பட்டிருக்கும். பேட்டி அடுத்த பக்கத்துக்கு வழிந்து போகிறதே! இடம் போதாமலும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள் என்றால் அந்த வெள்ளை வேலை செய்கிறது. தலைப்பு மௌனத்தைச் சொல்லுகிறது. தலைப்புக்கு மேலுள்ள வெற்றிடம் அதைக் காட்டுகிறது. அந்த இடத்தில் மேடையில் பாடும் பழைய படங்கள் நான்கைச் சேர்த்திருந்தால் பக்கம் நிறைந்திருக்கும், ஆனால் மௌனம் என்ற சொல் வெறும் தகவலாகிவிடும். சிவப்பை எண்ணுங்கள். ஒயர், கோடு, அம்புக்குறி, மூன்றே இடம். இங்கே சிவப்பு "கவர்வதற்காக" வரவில்லை, வழி காட்டுகிறது. படத்தில் பொருளாக இருந்த ஒன்று மடிப்பைத் தாண்டியதும் வரைகோடாக மாறி, வாசகரைக் கையைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குக் கூட்டிப் போகிறது. தலைப்பையும் சிவப்பில் போட்டிருந்தால் இந்த நூல் அறுந்திருக்கும். படமும் கோடும் ஒரே உயரத்தில் சந்திப்பதால் மடிப்பு இங்கே தடையாகவே இல்லை. பக்கம் அமைத்தவர் அச்சகத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் இந்த வித்தை கெட்டுவிடும் என்று தெரிந்தே துணிந்திருக்கிறார்.

நடந்தது என்ன என்று கவனியுங்கள். நிறம், படம், வெற்றிடம், தலைப்பு என்று தனித்தனித் தலைப்புகளின் கீழே எழுதவில்லை. ஒன்று மற்றொன்றோடு என்ன பேசுகிறது என்று எழுதினோம். உங்கள் ஆசிரியர் தேடியது இதைத்தான்.

வெற்றிடத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. அலெக்ஸி பிரோடோவிச் என்ற பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். ரஷ்யப் பேரரசில் பிறந்தவர், 1934 முதல் 1958 வரை 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழின் கலை இயக்குநர். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் ஒரே பரப்பாகக் கருதி அமைக்கும் பழக்கத்தை இதழ் உலகில் வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர். படத்தைத் துணிந்து வெட்டுவார், அதன் அசைவுக்கு ஏற்ப எழுத்துத் தொகுதியையே சாய்ப்பார், வளைப்பார், மிச்ச இடத்தை வெள்ளையாக விட்டுவிடுவார். பக்கங்களின் நகல்களைத் தரையில் பரப்பி, இதழ் முழுவதன் ஓட்டத்தையும் ஒன்றாகப் பார்ப்பார். அவருடைய பக்கங்களைப் பார்த்தால், வெற்றிடம் மீந்துபோன இடமல்ல, அளந்து கொடுத்த இடம் என்பது புரியும். உங்கள் மூன்று பக்கங்களிலும் காலியாக இருக்கும் பரப்பைத் தோராயமாக விழுக்காட்டில் கணக்கிடுங்கள். நெருக்கி அடைத்த பக்கம் "உங்கள் பணத்துக்கு நிறையத் தருகிறோம்" என்று சொல்லும். விட்டு விட்டு அமைத்த பக்கம் "எங்களுக்கு அவசரமில்லை" என்று சொல்லும். இரண்டுமே வாசகர் யார் என்பதைப் பற்றிய ஓர் ஊகம்.

படத்துக்கு வருவோம். மனிதர் இருக்கும் படத்தில் முதல் கேள்வி பார்வை எங்கே போகிறது என்பது. குந்தர் கிரெஸ், தியோ வான் லீவன் ஆகிய காட்சிமொழி ஆய்வாளர்கள் இருவரும் 1996இல் ஒரு பயனுள்ள வேறுபாட்டைக் காட்டினார்கள். படத்தில் இருப்பவர் நேராக நம் கண்ணைப் பார்த்தால் அவர் நம்மிடம் எதையோ கேட்கிறார்: நட்பை, மரியாதையை, அச்சத்தை, ஆசையை. வேறெங்கோ பார்த்தால் அவர் தம்மைப் பார்ப்பதற்குக் கொடுக்கிறார். நாம் கண்ணில் படாமல் நின்று கவனிக்கலாம். நம் பாடகி தரையைப் பார்க்கிறார். ஆகவே நாம் ஓர் அந்தரங்கத்தின் வாசலில் நிற்கிறோம். அதே பேட்டிக்கு அவர் நேராகப் பார்க்கும் படம் போட்டிருந்தால் "நான் திரும்பி வந்துவிட்டேன்" என்ற அறைகூவல் ஆகியிருக்கும். இரண்டும் இரண்டு வேறு பேட்டிகள், சொற்கள் ஒன்றாகவே இருந்தாலும்.

இதே இருவர் இடப்பக்கம் ஏற்கெனவே தெரிந்ததற்கும் வலப்பக்கம் புதியதற்கும் உரிய இடம் என்றும் சொன்னார்கள். இடமிருந்து வலமாகப் படிக்கும் எழுத்துகளைக் கொண்ட பண்பாடுகளை மனத்தில் வைத்துச் சொன்னது அது. பல பக்கங்களுக்குப் பொருந்தும்: தெரிந்த முகம் இடப்பக்கம், அவர் சொல்லும் புதுச் செய்தி வலப்பக்கம். ஆனால் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் அது நடக்கிறதா என்று முதலில் பாருங்கள், நடந்தால் மட்டும் எழுதுங்கள். கோட்பாட்டின் பெயரை எழுதுவதற்காகப் பக்கத்தை வளைப்பது ஆய்வேடுகளில் நான் அடிக்கடி காணும் குறை.

வெட்டு எங்கே விழுந்திருக்கிறது என்பதும் முக்கியம். தலைமுடிக்கு மேலே இடம் விட்டிருக்கிறார்களா, நெற்றியோடு வெட்டியிருக்கிறார்களா? நெற்றியில் வெட்டினால் நெருக்கம் வரும். இடுப்பில் வெட்டுவது, முட்டியில் வெட்டுவது என்று ஒவ்வொன்றும் அந்த மனிதருக்கும் நமக்கும் உள்ள தூரத்தைத் தீர்மானிக்கிறது. கீழிருந்து எடுத்த படம் ஆளை உயர்த்தும், மேலிருந்து எடுத்தது தாழ்த்தும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு அதிக வரி செலவிட வேண்டாம்.

இப்போது ஒரு சிறு சோதனை. தலைப்பைக் கையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். நம் பாடகி களைப்பாக இருக்கலாம், துக்கத்தில் இருக்கலாம், ஒத்திகை முடிந்து ஓய்வெடுக்கலாம். கையை எடுங்கள். "மௌனம்" என்ற ஒரே சொல் மற்றப் பொருள்களையெல்லாம் விரட்டிவிட்டு ஒன்றை மட்டும் நிறுத்துகிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் 1964இல் எழுதிய கட்டுரையில் இதை நங்கூரமிடுதல் என்றார். படத்தின் பொருள் அலைந்துகொண்டே இருக்கும். சொல் அதை ஓரிடத்தில் கட்டிப்போடும். படவிளக்கம், தலைப்பு, தலைப்புக்குக் கீழே வரும் அறிமுக வரிகள் எல்லாமே நங்கூரங்கள்தான். எது எந்தப் பொருளை விலக்குகிறது என்று எழுதினால் போதும். "பார்த்தின் கோட்பாட்டின்படி" என்று தொடங்கும் பாராவைவிட அது கனமாக இருக்கும்.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. பேட்டியிலிருந்து ஒரு வரியை எடுத்துப் பெரிய எழுத்தில் பக்கத்தின் நடுவே போட்டிருப்பார்கள். அந்த வரி பேட்டிக்குள் எங்கே வருகிறது என்று தேடிப் பிடியுங்கள். அப்படியே இருக்கிறதா, சுருக்கியிருக்கிறார்களா, எந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொன்னது? ஒரு மணி நேரம் இசை இலக்கணம் பேசிய ஒருவர், இடையில் திருமணத்தைப் பற்றிச் சொன்ன ஒரே வரி நாற்பது பாயின்ட் அளவுப் பெரிய எழுத்தில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவரை இதழ் எப்படிப்பட்டவராகக் காட்ட விரும்பியது என்பதற்கு அதைவிட வலுவான சான்று வேறு இல்லை. பெண் கலைஞர்களுக்கும் ஆண் கலைஞர்களுக்கும் எந்த வகை வரிகள் இப்படிப் பெரிதாகின்றன என்று உங்கள் மூன்று இதழ்களிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஒப்பீடு மட்டுமே ஒரு முழுப் பக்கம் எழுத இடம் தரும்.

எழுத்துருவைப் பற்றி மாணவர்கள் எழுதுவது பெரும்பாலும் "நவீனமாக இருக்கிறது", "பாரம்பரியமாக இருக்கிறது" என்ற இரண்டில் ஒன்று. கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். எத்தனை எழுத்துருக்கள், எத்தனை அளவுகள்? தேர்ந்த கையிடம் பெரும்பாலும் இரண்டு எழுத்துருக்களே இருக்கும். வேறுபாட்டை அளவிலும் தடிமனிலும் காட்டுவார். வரியின் நீளமும் வரிகளுக்கு இடையே உள்ள இடைவெளியும் சேர்ந்துதான் படிக்கும் சுகத்தைத் தீர்மானிக்கின்றன. தமிழ் இதழ் ஒன்றை ஆராய்வதாக இருந்தால் இதைக் கட்டாயம் அளந்து பாருங்கள். நம் எழுத்துகளில் 'கி', 'கீ' மேலே வளைகின்றன, 'மு', 'கூ' கீழே இறங்குகின்றன. ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேல் வரியில் கீழே இறங்கும் கோடும் கீழ் வரியில் மேலே எழும் வளைவும் முட்டிக்கொள்ளும். நம் சொற்கள் நீளமானவை என்பதால், குறுகிய பத்தியில் இருபுற ஓரத்தையும் நேராக்கினால் சொற்களுக்கு நடுவே ஓட்டைகள் விழும். 55 மில்லிமீட்டர் பத்தியில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் அடங்கும். அந்த ஓட்டைகளைத் தவிர்க்க வலது ஓரத்தைச் சீர்செய்யாமல் விட்டிருக்கிறார்களா, அல்லது பத்தியை அகலமாக்கியிருக்கிறார்களா என்பது கவனிக்க வேண்டிய முடிவு.

படிக்க முடியாத பக்கமும் ஒரு முடிவாக இருக்க முடியும். 1990களில் 'ரே கன்' என்ற அமெரிக்க இசை இதழின் கலை இயக்குநராக இருந்த டேவிட் கார்சன், பிரயன் ஃபெரி என்ற பாடகரின் பேட்டி சலிப்பாக இருப்பதாகக் கருதி, அதை முழுவதுமாக எழுத்துகளே இல்லாத, குறியீடுகள் மட்டும் கொண்ட 'ஜாப்ஃப் டிங்பாட்ஸ்' எழுத்துருவில் அமைத்துவிட்டார். ஒரு சொல்லும் படிக்க முடியாது. அதை நான் பின்பற்ற மாட்டேன். பேட்டி கொடுத்தவரின் சொல் வாசகருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பவன் நான். ஆனால் அந்தப் பக்கம் பொருள் இல்லாத பக்கம் என்று யாரும் சொல்ல முடியாது. எதிர்ப்பு மனநிலையில் இசை கேட்ட இளைஞர்களிடம் அது மிகத் தெளிவாகப் பேசியது. அதற்கு நேர் எதிர்த் துருவம், ஜெர்மனியில் 1959இல் தொடங்கிய 'ட்வென்' இதழுக்கு வில்லி ஃப்ளெக்ஹவுஸ் வகுத்த பன்னிரண்டு பத்திக் கட்டமைப்பு. பன்னிரண்டை இரண்டாக, மூன்றாக, நான்காக, ஆறாகப் பிரிக்கலாம் என்பதால் ஒரே கட்டமைப்புக்குள் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு முகம் காட்ட முடிந்தது. உங்கள் இதழின் பக்கங்களுக்குக் கீழேயும் இப்படிப்பட்ட மறைந்த கட்டங்கள் இருக்கும். டிரேசிங் தாளில் பத்திகளின் ஓரங்களை மேலிருந்து கீழாக நீட்டிக் கோடு போட்டால் அவை வெளியே வந்துவிடும். படத்தின் ஓரமும் தலைப்பின் தொடக்கமும் அந்தக் கோடுகளில் உட்காருகின்றனவா? உட்காராத பொருள் ஒன்றே ஒன்று இருந்தால், பெரும்பாலும் அதுதான் நீங்கள் பார்க்க வேண்டும் என்று அவர்கள் விரும்பிய பொருள்.

இரட்டைப் பக்கம் தனியாக வாழ்வதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். அதற்கு முந்தைய பக்கத்தையும் பிந்தைய பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். முன்னால் நகை விளம்பரமா, கிட்டார் விளம்பரமா, கைப்பேசி விளம்பரமா? இதழ் தன் வாசகர் யார் என்று நினைக்கிறது என்பதை விளம்பரதாரர்கள் வெளிப்படையாகச் சொல்லிவிடுவார்கள். பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டுவர்ட் ஹால் 1973இல் சொன்ன மூன்று வகை வாசிப்பும் இங்கே பயன்படும். இதழ் விரும்பியபடியே படிப்பவர், பாதி ஏற்றுப் பாதி மறுத்துப் படிப்பவர், எதிர்த்துப் படிப்பவர். நம் பாடகியின் ரசிகர் அந்த வெற்றிடத்தில் வலியைக் காண்பார். அவரைத் தெரியாத பதினெட்டு வயது வாசகர் காலி இடத்தைத்தான் காண்பார். பத்து ஆண்டு அவர் ஏன் பாடவில்லை என்ற காரணம் தெரிந்த சக கலைஞர், காரணத்தைச் சொல்லாமல் மௌனத்தை அழகாக்கிவிட்டார்களே என்று கோபப்படலாம். இந்த மூன்றாவது வாசிப்பை எழுதத் துணியுங்கள். பக்கம் அழகாக இருப்பதும் அது ஒன்றை மறைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவை.

இனி, எழுதும் விதம். உங்கள் பழைய வரி: "படம் பக்கம் முழுவதும் இருப்பதால் அழகாக இருக்கிறது." இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "இடப்பக்கம் முழுவதையும் ஓரம் வரை நிறைக்கும் படம், வலப்பக்கத்தின் வெள்ளையோடு மடிப்பில் நேருக்கு நேர் மோதுகிறது. படத்துக்கு மார்ஜின் விட்டிருந்தால் அது சட்டமிட்ட நினைவுப்படமாகத் தோன்றியிருக்கும். ஓரம் வெட்டப்பட்டதால் ஒத்திகை அறை பக்கத்துக்கு வெளியேயும் தொடர்வதாகத் தோன்றி, வாசகரும் அந்த அறைக்குள் நிற்கிறார்." கண்டது, கைவிட்ட மாற்று, அதனால் வாசகருக்கு நேர்வது, மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. ஒவ்வொரு பக்கத்துக்கும் இப்படி நான்கைந்து பாரா போதும். எல்லாப் பொருளையும் பற்றி எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. பக்க எண் எங்கே இருக்கிறது என்பதற்குச் சொல்ல எதுவும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக உங்கள் சொந்த இதழ். மூன்று பக்கங்களையும் ஆராய்ந்தபின் மூன்றிலிருந்தும் நிறத்தையும் எழுத்துருவையும் கடன் வாங்கிக் கலக்காதீர்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முடிவை மட்டும் எடுங்கள்: ஒன்றில் மடிப்பைத் தாண்டிய விதம், ஒன்றில் பார்வையின் திசை, ஒன்றில் வெற்றிடம். படம் எடுக்கப் போவதற்கு முன்பே பக்கத்தைப் பென்சிலால் வரைந்துவிடுங்கள். தலைப்பு படத்தின்மேல் வரப்போகிறது என்றால் அதற்கான அமைதியான இடத்தைக் கேமராவிலேயே விட வேண்டும். பின்னால் கணினியில் தேடினால் கிடைக்காது. ஓரம் வரை போகும் படத்துக்கு எல்லாப் பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள், வெட்டும்போது வெள்ளைக் கீற்று விழாது. அமைத்து முடித்ததும் ஏ3 தாளில் உங்கள் பக்கத்தை அச்சிட்டு, நடுவில் அழுத்தி மடித்து, நண்பர் ஒருவர் கையில் கொடுங்கள். மூன்று வினாடியில் திரும்ப வாங்கிக்கொண்டு, முதலில் எதைப் பார்த்தார் என்று கேளுங்கள். முதலில் கண்ணில் பட வேண்டும் என்று நீங்கள் நினைத்த பொருளை அவர் சொல்லாவிட்டால், அன்று இரவே பக்கத்தை மாற்றி அமைத்து, மறுநாள் வேறொருவரிடம் கொடுங்கள். இந்த இரண்டு தாள்களையும், அவர்கள் சொன்னதையும் அறிக்கையின் பின்னால் இணைத்துவிடுங்கள். உங்கள் ஆசிரியர் முதலில் அவற்றைத்தான் புரட்டுவார்.